முன் கதவு திறக்கப்பட்டது

சென்ற வருடம் ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. எதையும் நாள் கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். இந்த நாளை மட்டும் நான் முயன்று நினைவில் வைக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீடு பொகவந்தலாவைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே ஒரு மேட்டில் இருக்கிறது. நான் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மகள் பேராதனையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். அவள் போகும்போது அத்திவாரம் மட்டும்தான் போட்டிருந்தோம். சுவர் எழும்பியதையும் கூரை போட்டதையும் தரைக்கு ஓடு பதித்ததையும் அவள் போனில்தான் பார்த்தாள். தன் உழைப்பில் எழும்பிய வீட்டின் வாசற்படியை அவள் இன்னும் மிதிக்கவில்லை.

பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் கீழே இரண்டு வீடுகளில் திருட்டுப் போனது. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர் திரும்பிய ஒரு பெண்ணிடம் ஒரு அலாரம் பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். வயரே இல்லாதது. கதவில் ஒட்டுவதற்குத் தீப்பெட்டி அளவில் சென்சர்கள், ஆள் நடமாட்டத்தை அறியும் சிறிய கண் ஒன்று, ஒரு சைரன், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் நடுப்பெட்டி ஒன்று. நடுப்பெட்டிக்குள் சிம் கார்டும் பற்றரியும் உண்டு. கரண்ட் போனாலும் அது போனுக்குச் செய்தி அனுப்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பொருத்த உட்கார்ந்தேன். அவள் போனில் மேற்பார்வை.

சென்சர் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று கதவில், மற்றது நிலையில். கதவைச் சாத்தினால் இரண்டும் நெருங்கும், திறந்தால் விலகும். கையேட்டில் இது சுலபமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் மூடுபனியில் ஊறிய கதவு அதற்குப் பணியவில்லை. மரம் ஊதி, சாத்திய பிறகும் ஒரு விரல் இடைவெளி நின்றது. பூட்டிய கதவைத் திறந்திருக்கிறது என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது. ஒட்டிய பசையும் ஈரச் சுவரில் நிற்காமல் வழுக்கியது. கடைசியில் ஒரு பலகைத் துண்டைச் சீவி அடியில் கொடுத்து, ஸ்குரூ போட்டு முறுக்கினேன்.

“கதவ மாத்திப்புடாதீங்க, சென்சருக்காக. அது நான் பாத்துப் பாத்துச் சொன்ன கதவு,” என்றாள்.

எல்லாம் முடிந்ததும் சைரனைச் சோதித்தேன். அதுதான் பிழை. ஒரு வாரமாகச் சித்திரை மாதத்து மழை. மண்சரிவு அபாயம் என்று தோட்டத்தில் அறிவித்து, அடையாள அட்டைகளை ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருக்கச் சொல்லியிருந்த நேரம். என் வீட்டுச் சைரன் ஊளையிட்டதும் கீழ் லயத்தில் இருந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கையில் பையும் மறு கையில் கோழியுமாக வாசலில் நின்றார். அவர் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், கணவரை இழந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்.

“என்ன தம்பி இது! கள்ளன் வந்தா கள்ளன் ஓடணுமா, நாங்க ஓடணுமா?”

ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டு, சைரனின் சத்தத்தைக் குறைத்தேன். போனில் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செயலியை அவள் போனிலும் போட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு திறப்பதும் மூடுவதும் குவைத்தில் அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் மாலையே கூப்பிட்டாள்.

“என்னங்க, முன் கதவத் தெறந்துட்டீங்க, பின் கதவும் தெறந்து கெடக்கே? வெளக்கு வைக்கிற நேரம். வந்த லட்சுமி நேரா பின் வழியா போயிருவா.”

அவள் போன பிறகு நான் விளக்கே வைப்பதில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? முன்பு இருந்த வீட்டில் விளக்கு வைத்தவள் அவள்தான். பின் கதவைச் சாத்துவாள், முன் கதவைத் திறப்பாள், பிறகு திரியைத் தூண்டுவாள். அந்த ஒழுங்கு மாறவே மாறாது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அடுத்த நாள் விளக்கைத் துலக்கினேன். வேலை முடிந்து வந்ததும் பின் கதவைச் சாத்தி, முன் கதவைத் திறந்தேன். நான் எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் அவளிடமிருந்து போனில் கைகூப்பிய ஒரு கும்பிடு வந்து விழுந்தது. அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. ஆறு மணிக்குப் பின் கதவு, முன் கதவு, கும்பிடு. அங்கே அது பிற்பகல் மூன்றரை. அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும் நேரம்.

அவளுடைய ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிவதாக இருந்தது. குவைத் வீட்டுக்காரம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் படிப்பு முடிய அதே அளவு காலம் இருந்தது. “யோசிக்கிறேன்” என்றாள் அவள். “உன் இஷ்டம்” என்றேன் நான். அவளைப் பாரப்படுத்தக் கூடாது என்று வேறெதுவும் சொல்லவில்லை. அவளும் அந்தப் பேச்சைச் சிரிப்பில்தான் முடிப்பாள்.

“சொல்லாமக் கொள்ளாம ஒருநா வந்து நிப்பேன் பாருங்க. ஒங்க அலாரமே என்னயக் காட்டிக் குடுக்கும்.”

அந்த வெள்ளிக்கிழமை ஹட்டனிலிருந்து வந்த பஸ் நோர்வூட்டுக்கு முன்பே நின்றுவிட்டது. மேலேயிருந்து மண் இறங்கி, ஒரு மரமும் பாதையில் விழுந்திருந்தது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “எல்லாரும் சாஞ்சுக்கங்க. மெஷின் வந்துதான் அள்ளணும்,” என்றார். அந்த வளைவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. ஆறு மணி தாண்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் செய்தியை எதிர்பார்த்துப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மண்ணை ஒதுக்கி ஒருவழியாகப் பஸ் நகர்ந்து, நோர்வூட்டைத் தாண்டியபோது போன் அதிர்ந்தது. அவளிடமிருந்து தவறிய அழைப்புகள். அவற்றுக்குக் கீழே வரிசையாக நான்கு செய்திகள்.

அலாரம் நிறுத்தப்பட்டது. பின் கதவு திறக்கப்பட்டது. பின் கதவு மூடப்பட்டது. முன் கதவு திறக்கப்பட்டது.

முதலில் கள்ளன் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த ஒழுங்கைத் திரும்பவும் படித்தேன். எந்தக் கள்ளன் பின் கதவைச் சாத்திவிட்டு முன் கதவைத் திறந்து வைப்பான்? விளக்கு வைப்பவள்தான் அப்படிச் செய்வாள். அலாரத்தை நிறுத்தும் ரகசிய எண் எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். பின் கதவுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கியிருப்பாள். அவளைக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. விமானத்தில் வந்தவளுக்கு இங்கே வேறு சிம் இருக்குமே என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நிறைய வாசிக்கிறவன், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவன் என்று எனக்கு ஊரில் பெயர். அன்று எதையும் சரிபார்க்க எனக்கு விருப்பமில்லை.

கடைத்தெருவில் இறங்கினேன். வழக்கமாக ஒரு மரக்கறி ரொட்டிப் பார்சல் வாங்குவேன். அன்று இரண்டு கேட்டேன்.

“வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“ஆமா, வந்திருக்காங்க.”

கரண்ட் இல்லை. மேடு முழுவதும் இருட்டு. படி ஏறும்போதே பார்த்தேன், என் வீட்டு வாசலில் மட்டும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வெளியே விழுந்து மழையில் நனைந்துகொண்டிருந்தது. என் கால்கள் ஓடின. வாசலை மிதித்ததும் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“செருப்ப வெளிய கழட்டுங்க. இப்பதான் தொடச்சிருக்கு.”

அந்த ஒரு நொடி போதும் எனக்கு. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே பக்கத்து வீட்டு அக்கா தரை துடைக்கும் துணியுடன் நின்றார். விளக்கின் பக்கத்தில், எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்த அக்காவின் போனுக்குள் என் மனைவி இருந்தாள்.

“ஆறு மணிக்கு ஒங்க வீட்டுக்காரி அழுதுகிட்டு போன் பண்ணுனா தம்பி,” என்றார் அக்கா. “ரோட்டுல மண்ணு எறங்கியிருக்கு, பஸ்ஸு மாட்டியிருக்கும், ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொன்னேன். அப்ப வெள்ளிக்கெழமயும் அதுவுமா வீடு இருட்டா கெடக்க வேணாம்க்கான்னா. அலாரத்த அவளே அங்கேருந்து நிப்பாட்டிட்டா. எங்கிட்டதான் பின் கதவுச் சாவி இருக்கே. எனக்கு மெழுகுவத்திதான் கொளுத்தத் தெரியும். அவ சொல்லச் சொல்ல இத ஏத்துனேன். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு.”

நான் பார்சல்களைக் கையில் பிடித்தபடியே நின்றேன். போனுக்குள் அவள் என்னையும் என் கையையும் பார்த்தாள்.

“ரெண்டு பார்சல் எதுக்கு?”

நான் பார்சல்களைக் கீழே வைத்தேன்.

“நான் வந்துட்டேன்னு நெனச்சீங்களா?”

அக்கா துணியை வைத்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய்விட்டார்.

“ஆமா,” என்றேன். அத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. “வந்துரு. ஒரு வருஷமெல்லாம் வேணாம். ஆகஸ்டுலயே வந்துரு.”

அவள் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இத ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். “காலையிலதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.”

அழுதாளா என்று தெரியவில்லை. அக்காவின் போன் திரையில் ஒரு கீறல் உண்டு, அவள் முகம் அதற்குப் பின்னால் இருந்தது. இரண்டாவது பார்சலை அக்காவிடம் கொடுத்தேன். மூன்று பேருமாகத்தான் அன்று சாப்பிட்டோம். அவள் அங்கே ஒரு குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

இதை எழுதும் இன்றும் அவள் அங்கேதான் இருக்கிறாள். இந்த ஆகஸ்டில் வருவாள். இப்போதெல்லாம் நான் பிந்தினால் அவள் அங்கிருந்தே அலாரத்தை நிறுத்திவிடுகிறாள், அக்கா யாரும் கேட்காமலே வந்து விளக்கை ஏற்றிவிடுகிறார். அதனால் அந்த நான்கு செய்திகளையும் பஸ்ஸில் இருந்தபடி எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அது யார் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் முன் கதவு திறக்கப்பட்டது என்று போன் சொல்லும் ஒவ்வொரு மாலையும், படியேறி விளக்கடியில் பார்க்கும்வரை, அவள்தான் என்று என் மனம் ஒரு தடவை நம்பிவிட்டுத்தான் ஓய்கிறது.