பேரிகையில் இல்லாத பல்லி

பேராசிரியரை எனக்குப் பிடிக்காது; அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஐம்பதுகளின் நடுவில், சென்னைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் அவருக்கு உதவியாளனாக இருந்தேன். உடம்பைப் போல இரண்டு மடங்கு வால் நீண்ட ஒரு சின்னப் பல்லி எந்தெந்த ஊர்களில் இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஓசூர்ப் பக்கம் அது கிடையாது என்று ஏற்கெனவே அச்சில் எழுதிவிட்டார். அதை உறுதி செய்யத்தான் என்னைக் கூட்டி வந்தார். அவர் ஓசூர்ப் பயணியர் பங்களாவில் உட்கார்ந்துகொண்டார். நான் வெயிலில் அலைந்தேன்.

ஓசூரை அடுத்த பேரிகை என்ற ஊருக்கு வெளியே, கொள்ளு அறுத்திருந்த மேட்டுக்காட்டில் மூன்று அகப்பட்டன. மூன்றும் கண் இமைக்கவே இல்லை; அந்த இனத்துக்கு அசையும் இமை கிடையாது. உடம்பைச் சுற்றிச் செதில்களை எண்ணினேன். அதே இனம். ஸ்பிரிட் புட்டியில் போட்டுவிட்டு, வரைபடத்தை விரித்துப் பேரிகையில் சிவப்புப் புள்ளி வைத்தேன். அவர் முகம் சுருங்கப்போவதை நினைத்துச் சிரித்தேன்.

அந்த நேரத்தில் நிலத்துக்காரர் மண்வெட்டியோடு வந்து நின்றார். மொழிவாரியாக மாநிலம் பிரிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம்.

"என்னாய்யா, எல்லை போடறியா? எங்கள மைசூருல தள்ளப் பாக்கறியா?"

"பல்லி எங்க இருக்குன்னு எழுதறேங்க. நீங்க எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?"

கடைசியாகச் சொன்னதை நான் விழுங்கியிருக்க வேண்டும்.

"ஊட்ல தெலுங்கு பேசறோம், சந்தையில கன்னடம், தாலுகா கச்சேரியில தமிழு. எங்க பொழப்பு உனக்குப் பல்லியா?"

வரைபடத்தைப் பிடுங்கிக் கிழித்தார். நான் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். அவர் மண்வெட்டிக் காம்பால் புட்டியை அடித்து நொறுக்கி, சிதறிக் கிடந்த பல்லிகளைச் செருப்புக் காலால் மண்ணோடு தேய்த்தார்.

"பஸ் ஏறிப் போயிரு."

பங்களாவில் எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் காபியை ஆற்றியபடியே கேட்டார்.

"பல்லி எங்கே?"

"ஒண்ணுகூட மிஞ்சலை, சார்."

"அப்போ பேரிகையில இல்லை."

"நான் செதில் எண்ணினேன், சார்!"

"நீ எண்ணினது சரியான்னு யார் எண்ணிப் பாக்கறது?"

மறுநாள் திரும்பவும் போகிறேன் என்று கெஞ்சினேன். ஒரே சொல்லில் மறுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார். கட்டுரை வெளிவந்தபோது அதிலிருந்த வரைபடத்தில் பேரிகை வெறுமையாகவே இருந்தது.

அந்த விவசாயி மேல் கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. பாவம், நிலத்தை நினைத்துப் பயந்தவர். பேராசிரியர் மேல் ஆறவில்லை. அவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை.