மெர்வ் காஸ்லேக்கின் முப்பத்தெட்டு வினாடி

மெர்வ் காஸ்லேக்கை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. ஆஸ்திரேலியாவில், பல்லாரட் ஆஸ்பத்திரி ஒன்றில், பக்கவாதத்தில் விழுந்த கைகள் எவ்வளவு தேறின என்று நேரம் பார்த்து எழுதுகிற வேலை எனக்கு. இருபது வருஷமாகிறது.

மெர்வ், ஹாமில்டன் பக்கத்து ஆட்டுக் கொட்டகைகளில் கம்பளி கத்தரித்தவர். சாயங்காலம் ஆனால் யார் எத்தனை ஆடு என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். தன் பேருக்கு மேலே ஒருத்தன் பேரும் வந்ததில்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்வார். ஐம்பத்தொன்பது வயதில், பாதி கத்தரித்த ஆட்டின் மேலேயே சாய்ந்தார். பக்கவாதத்தில் வலது கை போயிற்று.

அப்போதுதான் டாக்டர் பிரிடோவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். பாதிப் பேருக்கு மூளையில் செல்லைச் செலுத்துவார்கள். மீதிப் பேருக்கு மண்டையோட்டில் பெயருக்கு ஒரு துளை, அவ்வளவுதான். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை எழுதி ஒட்டி வைத்த உறையை ஒரு வருஷம் கழித்துப் பிரிப்பார்கள். வெறும் துளைக்காரர்களுக்கு அப்போது அசல் செல் கிடைக்கும். ஆனால் கை அதுவரை தேறாமல் இருந்தால்தான். ஒன்பது குச்சியை ஒன்பது குழியில் செருக அறுபது வினாடிக்கு மேல் ஆக வேண்டும். இது ஒப்புதல் படிவத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தது. மெர்வ் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் இடது கையால் கிறுக்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் இரண்டு நிமிஷத்தில் நாலு குச்சி.

"மத்தவனுங்க எவ்வளவு?"

"சொல்லக் கூடாது."

"கொட்டகையிலயே எழுதிப் போடுவாங்க. நீ என்ன பெரிய மகாராணியா?"

வருஷக் கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வீட்டில் அதே மாதிரிக் குழிப் பலகையும் குச்சியும் செய்து, தினம் முந்நூறு தடவை பழகினாராம்.

"சாப்பிடக் கூப்பிட்டாக்கூட வரமாட்டார் இந்த மனுஷன்," என்றாள் அவர் மனைவி ஃபே.

வெறும் துளைக்காரராக இருந்து அறுபதுக்குள் போட்டுவிட்டால் அசல் செல் கிடையாது. ஆனால் அந்த அறையில் நான் பேச அனுமதி இரண்டே வார்த்தைக்கு: 'தொடங்குங்க', 'நிறுத்துங்க'. முப்பத்தெட்டு வினாடி. மெர்வ் இடது கையால் மேஜையை ஓங்கித் தட்டினார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வாரம் டாக்டர் பிரிடோ எங்கள் முன்னால் உறையைப் பிரித்தார்.

"மிஸ்டர் காஸ்லேக், உங்களுக்குப் போட்டது வெறும் துளைதான்."

"அதான் கை விறைச்சே கெடக்கு. சரி, அசல் எப்ப?"

"கிடையாது. உங்க கை தேறிடுச்சு."

"தேறிடுச்சா? சட்டைப் பித்தானையே இவதான்யா போட்டு விடறா! அந்தக் குச்சியத் தவிர ஒரு எழவும் இந்தக் கையில நிக்காது!"

"பரீட்சைக்கு வீட்ல படிச்சுட்டு வரச் சொன்னது யாரு? என் ஆராய்ச்சியக் கெடுத்துட்டு என்கிட்டயே கத்தறீங்களா?"

"மறுபடி வை. இந்தத் தடவ மெதுவாப் போடறேன்."

"எழுதினது எழுதினதுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பித்தான் போடச் சொல்லிப் பாருங்க டாக்டர். ஒரே ஒரு பித்தான்."

"அது சோதனையில இல்ல. உங்க வேலை நேரம் பாக்கறது. அதைப் பாருங்க."

பாவி! மேலே பேசினால் வேலை போய்விடும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்.

மெர்வ் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அறுபதத் தாண்டணும்னு அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் வீட்ல பழகினேன்னு சொன்னப்பவும்?"

"தெரியும். சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

அவர் எழுந்து, இடது கையால் கோட்டை எடுத்து ஃபேயிடம் நீட்டினார். என்னைத் திட்டியாவது இருக்கலாம். ஃபே அவருடைய வலது கையைத் தூக்கிக் கோட்டுக்குள் நுழைத்து, ஒவ்வொரு பித்தானாகப் போட்டாள். நாலு பித்தான். கடைசிப் பித்தானைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை வினாடி ஆச்சு? எழுதிக்கோ," என்றாள்.