உக்கிய மேப்பிளும் ஓர் ஆங்கில ஊரும்

மொன்றியலுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. செயின்ட்-மிஷேலில் மட்டக்களப்பு அண்ணை ஒருவருடன் ஓர் அறையில் இருந்தேன். காலையில் அகதிகளுக்கான பிரெஞ்சு வகுப்பு, மத்தியானத்துக்குப் பிறகு செயின்ட்-லோரன்டில் பெட்டி அடுக்கும் வேலை. ஞாயிறுகளில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இலவச ஆங்கில வகுப்புக்கும் இருவரும் போனோம். அதை நடத்திய வெள்ளைக்கார அம்மையார் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் காரில் ஏற்றி, தன் ஊரைக் காட்டக் கூட்டிப்போனார்.

தெற்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். வெள்ளைப் பலகை வீடுகள், வாத்துக் குளம், புதுச் சாமானை விடக் கூடிய விலைக்குப் பழஞ்சாமான் விற்கும் கடைகள். தெருவெல்லாம் சிவந்த மரங்கள்.

"இங்கிலாந்தேதான்," என்றார் அம்மையார்.

எத்தனை தரம் அங்கே போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரே தரம், பன்னிரண்டு நாள், அதுவும் முழுக்க மழை என்றார். அந்த ஊர்க்காரர்கள் நான்கு தலைமுறையாகக் கியூபெக்கில் இருந்துகொண்டு, எங்குமே இல்லாத ஓர் இங்கிலாந்துக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர்த் தேவாலய மண்டபத்தில் நடந்த காலைத் தேநீர் விருந்தில் அம்மையார் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஒரு கனவான் என் கையைப் பிடித்து, "உங்கள் நாட்டில் மரங்கள் உண்டா?" என்று கேட்டார்.

"இருக்கு எண்டு சொல்லு தம்பி," என்றார் அண்ணை.

"இல்லை," என்றேன் கனவானிடம். அவர் துக்கத்தோடு தலையாட்டினார்.

அம்மையார் வீட்டில் உப்பில்லாத மத்தியானச் சாப்பாடு. பிறகு தோட்டத்துக்குப் போனோம். அங்கே பதினொரு வருடமாக வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இலை வாரிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கிட்ட வந்தார். வீட்டை ஒட்டி நின்ற பெரிய மேப்பிளைக் காட்டி நெடுநேரம் பேசினார்.

"மெர்சி, மெர்சி," என்று அம்மையார் சிரித்தார். எங்கள் பக்கம் திரும்பி, "எப்போதும் இந்த மரத்தைப் புகழ்வான். அழகை ரசிக்கத் தெரிந்தவன்," என்றார்.

தோட்டக்காரர் அழகைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மரம் உள்ளே உக்கிவிட்டது, பனிக்காலத்துக் காற்றில் வீட்டின் மேல் விழும், இரண்டு வருடமாகச் சொல்கிறேன் என்றார். என் எட்டு மாதப் பிரெஞ்சுக்கே அது விளங்கியது. அதை அம்மையாரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"உனக்குச் சரியாக விளங்கியதா?" என்று அம்மையார் கேட்டார்.

அவர் நம்பவில்லை என்பதைத் தோட்டக்காரரிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்குப் போய் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துவந்து மரத்தில் குத்தினார். கம்பி ஒரு முழம் உள்ளே போனது. பழுப்புத் தூள் கொட்டியது.

அம்மையாரின் முகம் வெளிறியது. மனத்தாங்கலோடு என்னைக் கேட்டார்: "இவன் ஏன் இதை எனக்கு முன்னமே சொல்லவில்லை?"

அதையும் பிரெஞ்சில் சொன்னேன். தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார், இலை வாரப் போய்விட்டார்.

திரும்பும் வழியில், பின்னிருக்கையில் அண்ணை தமிழில் சொன்னார்: "நல்ல மனுசி. இவ்வளவு தூரம் கூட்டிவந்து சாப்பாடும் தந்தவ."

"உங்களுக்கு எல்லாரும் நல்ல ஆக்கள்தான், அண்ணை."

"உனக்கு ஆரையும் பிடிக்காது."

அவர் சொன்னது பொய்யில்லை. நான் அந்த ஆங்கில வகுப்பை விட்டுவிட்டேன். அண்ணை விடாமல் போய் நன்றாகவே ஆங்கிலம் பழகினார். ஒரு மாதம் கழித்து, மரத்தை வெட்டியாயிற்று என்ற செய்தியைக் கொண்டுவந்தார். அம்மையார் மொன்றியலிலிருந்து ஆங்கிலம் பேசும் மர நிபுணர் ஒருவரை வரவழைத்துச் சோதித்த பிறகுதான் வெட்டினாராம்.

"கம்பி உள்ளே போனதைக் கண்ணாலை கண்டவதானே?" என்றேன்.

"பிரெஞ்சிலை எல்லோ போனது," என்றார் அண்ணை.