டெல்சியின் இரண்டு ஜன்னல்களும் புது லயத்து ராசம்மாவும்

டெல்சிக்கு இருக்கும் பிடிவாதத்தில் பாதி எனக்கு இருந்திருந்தால், நான் இன்னும் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருக்க மாட்டேன். தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் கடையில் டைப்பிங் அவள் வேலை. வட்டகொடையிலிருந்து காலை ரயிலில் வருவாள். வந்ததும் கம்ப்யூட்டரோடு சண்டை.

சண்டைக்குக் காரணம் இருந்தது. ஒரே பட்டியலின் இரண்டு பிரதிகளைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டால், இரண்டு ஜன்னலின் தலைப்பிலும் ஒரே பெயர்தான் வரும். எது முந்தியது என்று தெரியாமல் ஒருமுறை திருத்தியதையே அழித்துத் தொலைத்தாள். பிறகு ஒரு காலை முழுவதும் செட்டிங்ஸைக் குடைந்து, தலைப்பை இஷ்டப்படி மாற்றும் வழியைக் கண்டுபிடித்தாள். இடது ஜன்னல் ‘பழசு’, வலது ஜன்னல் ‘புதுசு’. அன்று எனக்கு ரோல்ஸும் டீயும் வாங்கித் தந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தலைப்புகள்தான் ராசம்மாவைக் கவிழ்க்கப் பார்த்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தேயிலைத் தோட்டக் கமிட்டித் தலைவர் கஜேந்திரன் வீடு கட்டக் கொடுக்கும் காணிக்கான பெயர்ப் பட்டியலோடு வந்தார். கமிட்டி முதலில் எழுதியது ஒன்று, செயலாளர் போனில் பிழை திருத்தி அனுப்பியது ஒன்று. நாலு மணிக்குள் இறுதிப் பட்டியலை நுவரெலியாவில் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இல்லாதவருக்குக் காணி இல்லை.

டெல்சி இரண்டையும் திறந்தாள். ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது.

“அண்ணே, ராசம்மா பழசுல இருக்காங்க, புதுசுல காணோம். பழசுல இருந்து எடுத்துறவா?”

“எடுத்துருங்க தங்கச்சி. மண்ணு சரிஞ்சதுல இருந்து அவங்க அங்க இல்லையே.”

அந்த அம்மா தோட்டத்தை விட்டே போய்விட்டார் என்று நினைத்து அழித்தாள். இரண்டு பக்கமும் ஒத்துப்போய், சிவப்பு மறைந்தது. கஜேந்திரன் பிரிண்டோடு பஸ் ஏறினார்.

இரண்டு மணிக்கு அவரிடமிருந்து போன்.

“ராசம்மா பேரையே காணோமே தங்கச்சி.”

“நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?”

“பழைய லயத்துல இருந்துதானே எடுக்கச் சொன்னேன். அவங்க இப்ப புது லயத்துலதானே இருக்காங்க.”

அந்தத் தோட்டத்தில் பழசு, புதுசு என்றால் லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். செயலாளர் ராசம்மாவைப் பழைய லயத்துப் பெயர்களிலிருந்து வெட்டிவிட்டு, புது லயத்தில் சேர்க்க மறந்திருக்கிறார். டெல்சியும் லயத்தில் பிறந்தவள்தான், அவளுக்கே தோன்றவில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, அடுத்த நிமிடமே பாவமாக இருந்தது. பெயரைச் சேர்த்து பிரிண்ட் எடுத்து, குடையைக்கூட மறந்து நுவரெலியா பஸ்ஸுக்கு ஓடினாள். நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை ராசம்மாவே கடைக்கு வந்தார்.

“என் பேரு எங்க இருக்கு, காட்டு, மகள்.”

டெல்சி திறந்து காட்டினாள். தலைப்புகள் மாறியிருந்தன: ‘கமிட்டி எழுதியது’, ‘செயலாளர் திருத்தியது’.

“மன்னிச்சுக்கங்கம்மா. பழசு புதுசுன்னு பேரு வெச்சு நான்தான் குழப்பிட்டேன்.”

“நீ என்னா செய்வ. அந்தப் புது லயம் என் மாமியா கல்யாணம் முடிச்சு வந்தப்ப கட்டினது. அதுக்கப்புறம் புதுசுன்னு சொல்ல எங்களுக்கு ஒண்ணும் வரல.”

தன் பெயர் இருந்த வரியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

“வீடு கட்டினா, அதுக்குப் புது வீடுன்னு மட்டும் பேரு வெக்க மாட்டேன்.”