இறுக்கியது யார் கை

திருத்தணியில் அரக்கோணம் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா, தம் மனைவியின் விரல்களைக் கண்டு பொறாமைப்பட்டார். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. வாசலில் எவரேனும் ஓர் ஓட்டுநர், “நிஷாத் அக்கா இல்லியா?” என்று கேட்டால், அவர் கையிலிருந்த ஸ்பேனர் தகரப் பெட்டிக்குள் விழும் ஓசையே அதைச் சொல்லிவிடும்.

ரேடியேட்டரின் கொதிநீர் பட்டு பாஷாவின் வலது உள்ளங்கை வெந்துபோன ஒரு கோடையில், பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடைத்துத் தருவதற்காகத்தான் நிஷாத் பேகம் பட்டறைக்குள் வந்தார். புண் ஆறிய பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. வேனின் முன்சக்கரப் பேரிங்கைப் பொருத்தும்போது, சக்கரத்தைச் சுழற்றியவாறே நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பேரிங்கின் உருளைகள் தத்தம் இடத்தில் அமர்ந்ததும் நட்டைத் தளர்த்திவிட்டு, மீண்டும் வெறும் விரலால் மட்டும் திருகி, அது நகராதபடி பூட்டும் பின்னைச் செருக வேண்டும். மயிரிழை ஆட்டம் எஞ்சியிருப்பதே சரியான பொருத்தம்; அதற்குமேல் இறுக்கினால் ஓட்டத்தில் சூடேறிவிடும். கணவர் செய்வதைப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்ட நிஷாத், கிருத்திகைக்கு மலையேறும் வேன்காரர்களிடம் கணவரைவிடப் பெரிய பெயரை வாங்கிவிட்டார்.

ஆடி மாதத்து ஒரு காலையில், அம்மையார்குப்பத்திலிருந்து சேலை மூட்டைகளை ஏற்றிச் செல்லும் ராஜவேலு தம் வேனுடன் வந்தார்.

“பாய், முன்வீல்ல உய்யுனு சத்தம் வருது. அக்கா எங்க?”

“உள்ள சோறு வடிச்சிகினு கீது. ஏன், நான் இங்க வாட்ச்மேனா?”

“கோச்சிக்காதீங்க பாய். அக்கா கை வெச்சா வீலு கிண்ணுனு நிக்கும், அதான்.”

பாஷா சக்கரத்தைக் கழற்றினார். பேரிங்கைத் துடைத்துக் கிரீஸ் அடைத்து மாட்டினார். நட்டை இறுக்கித் தளர்த்தி, விரலால் திருகி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இருக்க வேண்டிய ஆட்டம் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அத்துடன் பின்னைச் செருகியிருப்பார். ராஜவேலு சொன்ன ‘கிண்’ காதிலேயே நின்றது. ஸ்பேனரை மீண்டும் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார்.

கையைத் துடைத்தவாறு வெளியே வந்த நிஷாத், சக்கரத்தை ஒருமுறை தட்டிச் சுழற்றினார். அது உடனே நின்றது.

“என்னாங்க, டைட்டா கீதே. கொஞ்சம் லூஸ் பண்ணுங்க.”

“எனக்குத் தெரியும். நீ போய் அடுப்பப் பாரு.”

பாஷா பின்னைச் செருகிவிட்டு ராஜவேலுவை அழைத்து, “இப்ப ஆட்டிப் பாருப்பா,” என்றார்.

“சூப்பர் பாய்!”

அந்தச் சொல் நண்பகல்வரை இனித்தது. அப்போது மேசைமேல் கிடந்த கைபேசி ஒலிக்க, நிஷாத் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஆர்.கே.பேட்டைக்கு அருகில் சக்கரம் புகைவதாகவும், கை வைக்க முடியாதபடி சுடுவதாகவும் ராஜவேலு கத்தினார். நிஷாத் கணவரை ஒருமுறை பார்த்தார்.

“தப்பு என்னுதுப்பா. பாய் சரியாத்தான் வெச்சாரு. நான்தான் கடைசில ஒரு இழுப்பு இழுத்துட்டேன்.”

“அட, நீங்களா! உடுங்கக்கா, உங்களுக்கே ஒரு தபா கை தவறுனா என்னா? பாயா இருந்தா இந்நேரம் வேற பட்டறைக்குப் போயிருப்பேன்.”

பாஷாவின் முகம் சிவந்தது. மனைவி தம் மானத்தைக் காத்தார் என்பது அவருக்குப் புரியாமலில்லை. ஆனால் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார், இப்போது பிழையையும் எடுத்துக்கொண்டாரே என்பதுதான் அவரைச் சுட்டது. புதிய பேரிங்கையும் கிரீஸ் டப்பாவையும் பைக்கில் வைத்தார்.

“நான் செஞ்சது என் பேர்லயே இருக்கட்டும். அதையும் நீயே வெச்சிக்காத.”

“சரி, எடுத்துகினு போங்க. அப்டியே தண்ணி பாட்டிலையும் எடுத்துக்கங்க,” என்றார் நிஷாத்.

சாலையோரப் புளியமரத்தடியில் வேன் நின்றிருந்தது. வெப்பத்தில் நீலம் பாரித்திருந்த பேரிங்கைக் கழற்றி எறிந்த பாஷா, புதியதை முறைப்படி மாட்டி, நட்டை விரலால் திருகினார்.

“இறுக்கினது நான்தான். அவ இல்ல.”

ராஜவேலு அவரைக் கனிவோடு பார்த்தார். “தெரியும் பாய். பொண்டாட்டிய விட்டுக்கொடுக்க மாட்டீங்க.”

“அல்லா மேல ஆணையா நான்தான்யா!”

“அய்யே, இதுக்குப் போய் ஆணை வெச்சிகினு. அக்கா மேல எனக்குக் கோவமே இல்ல. அடுத்த தபாவும் அவங்களையே செய்யச் சொல்லுங்க. ஒரு தபா தப்பு பண்ணவங்க மறுக்கா பண்ண மாட்டாங்க.”

பாஷா பின்னைச் செருகி, அதன் முனைகளை வேண்டிய அளவுக்கு மேலாகவே மடக்கினார்.