கட்டியும் சில இரவல் குரல்களும்

டொக்டர் சிங்களத்தில் சொல்வார், நோயாளி தமிழில் பயப்படுவார். நடுவில் நின்று இரண்டையும் ஏற்றி இறக்குவது என் வேலை. வீட்டில் சிங்களம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் சித்திக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. அவரோடு நுவரெலியா கிளினிக்குக்குப் போன என்னை, "தம்பி, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்று வரிசையே பிடித்துக்கொண்டது. பதினேழு வயதில் சம்பளமில்லாத உத்தியோகம்.

தமிழ் பேசிய டொக்டர்

சும்மா மொழிபெயர்த்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால் டொக்டரின் குரலிலேயே சொல்வேன்: மூக்கால் ஒரு 'ம்ம்ம்', தொண்டையில் கரகரப்பு, நடுவே கண்ணாடி துடைக்கிற இடைவெளி. ஹட்டனில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் தலையைக் குனிந்தபடியே எல்லாம் கேட்டார். டொக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வெளியே வந்ததும் நானா என்னை முறைத்தார்.

"டொக்டர் இவ்வளவு நல்லாத் தமிழ் பேசுறார், பொறகு நீ என்னத்துக்கு மகன் நடுவுல?"

வெளியே இருக்கிற வலை

ஒப்பரேஷன் முடிந்தபின் சித்திக்கு ஒரு சந்தேகம். கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் 'பரவியிருக்கா' என்று பார்க்கிறார்கள்? டொக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு படம் காட்டினார்.

செல்களுக்கு வெளியே, சுற்றிலும், புரத நார்கள். நல்ல இடத்தில் அவை சுருண்டு பின்னிக் கிடந்து, செல்களை அதனதன் இடத்தில் பிடித்து வைக்குமாம். கட்டி இருக்கிற இடத்திலோ அதே நார் தடித்து, இறுகி, நேராகிவிடும். கெட்ட செல் அதைப் பிடித்துக்கொண்டே வெளியேறுமாம். தேயிலைக்கு நடுவே சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் மாதிரியே, இளஞ்சிவப்பில்! உடம்புக்குள், நமக்குத் தெரியாமல், ஒரு மலை முழுக்கப் பாதை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டொக்டர்தான் முழங்கையால் இடித்து, 'சொல்லு' என்றார். சொன்னேன். சித்தி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கள்ளன் மட்டும் வந்தாப் போதாதுடா. வழி காட்ட லயத்து வீட்டுக்குள்ளயும் ஆள் இருக்கணும்."

ரிப்போர்ட் வந்த நாள்

கக்கத்திலிருந்து எடுத்த நெறிக்கட்டிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்கு, அந்தக் கெட்ட செல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. பஸ்ஸில் சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒன் கொரல்ல சொல்லாத. நீ சொன்னா நல்லதும் வெளையாட்டு மாதிரி இருக்கும், கெட்டதும் வெளையாட்டு மாதிரி இருக்கும். டொக்டர் கொரல்லயே சொல்லு." தலவாக்கலை தாண்டும்வரை நான் தொண்டையைக் கரகரக்க வைத்துப் பழகினேன். முன் சீட்டுக்காரர் இருமல் மிட்டாய் நீட்டினார்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். ஒரு நெறிக்கட்டியிலும் இல்லை. மருந்தும் சோதனையும் தொடரும். ஆனால் அவ்வளவு பாதை இருந்தும், எதுவும் கக்கம்வரை நடந்து போயிருக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற இடைவெளி விட்டு வாயைத் திறந்தேன். "சித்தி... அங்க ஒண்ணுமில்ல சித்தி." மெலிந்து, நடுங்கி, ஏதோ ஒரு குரல் வந்தது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இது யாரு கொரலுடா? நான் கேட்டதே இல்லையே!"

ஊரில் எல்லார் குரலும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்தக் குரலுக்குத்தான் இன்னும் பயிற்சி போதவில்லை.