அப்பா தூக்கிப் பார்த்த பை

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள்தான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி. எனக்கும் அப்பாவுக்கும் அது பொது. சாயங்காலம் அவர் அதில் கம்பெனிக்குப் போவார். அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். கான்ட்ராக்ட் ஆட்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். காலையில் அவர் வீடு வந்து சேரும்வரை நான் காத்திருந்தால் பள்ளிக்கூடத்தில் மணியடித்துவிடும். அதனால் எங்கள் ஊரான வடக்குப்பட்டிலிருந்து பையைச் சுமந்துகொண்டு மெயின் ரோடு வரை நடப்பேன். டீக்கடை வாசலில் அப்பா சைக்கிளோடு நிற்பார். நான் பள்ளிக்கூடம் இருக்கும் ஒரகடம் பக்கம் மிதிப்பேன்; அவர் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்.

வண்டி கைமாறும் முன்பு அப்பா என் பையை வாங்கி ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால், கேரியரில் வைத்து மஞ்சள் பேக்கிங் பட்டையால் இறுக்கிக் கட்டுவார்.

முதல் மாதத்திலேயே ஒருநாள், அன்றைய பாடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். தூக்கிய வேகத்தில் பை அவர் தோள்வரை வந்துவிட்டது.

"இன்னாடா, லேசா கீது?"

"இன்னிக்கி கெமிஸ்ட்ரி இல்லப்பா. மேக்ஸும் இல்ல."

"இல்லன்னு நீ சொல்ற. நான் எத்தப் பாத்து நம்பறது?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் சட்டைக்குள் ஒரே ஒரு நோட்டைச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு வருஷம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பிலேயே கழித்திருந்தான். இன்னொன்று, அப்பா அறிந்த கேட் கம்பெனி கேட் மட்டும்தான். சேஃப்டி ஷூவை மறந்துவிட்டுப் போன ஒருநாள் அவரை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ஒரு புத்தகம் குறைந்தாலும் வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று அவர் நம்பினார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அது அப்படியில்லை என்று அவருக்குச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

"சூப்பர்வைசரு தெனமும் கேக்கறாரு, பையன கேன்டீன் வேலைக்கு அனுப்புன்னு. நெஜமா படிக்கிறியா, படி. ஊரு சுத்தினேன்னு தெரிஞ்சா மறுநாளே பிளஸ் ஒன்னும் கெடையாது, ஒன்னும் கெடையாது. என்கூட கெளம்பிடு."

இயற்பியல், வேதியியல், கணக்கு, எல்லாவற்றிலும் இரண்டு தொகுதிகள்; ரெக்கார்டு நோட்டுகள்; அதன் மேல் சோற்று டப்பா, தண்ணீர் பாட்டில். அத்தனையையும் மறுநாளிலிருந்து தினமும் பையில் திணித்தேன். படிப்பு நிலைக்க வேண்டுமானால் பை கனக்க வேண்டும், அவ்வளவுதான்.

"யோவ், புள்ள படிக்கப் போறானா, மூட்ட எறக்கப் போறானா?" என்று டீக்கடைக்காரர் சிரிப்பார்.

"எல்லாம் புக்குண்ணா," என்பார் அப்பா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் தூக்கம் இருக்காது.

ஆனால் அந்தக் கனத்தைப் பின்னால் கட்டினால் ஹேண்டில்பார் கையில் நிற்காது. ஏறி உட்காரும்போதே முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் என்னை ஒட்டிக்கொண்டு போகும்போது, முதலில் காற்று வெளியே தள்ளும், வண்டி கடந்ததும் உள்ளே இழுக்கும். மழைக்காலத்தில் ரோட்டோர மண் கரைந்து, வெள்ளைக் கோட்டின் மேலேயேதான் ஓட்ட வேண்டும். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா சைக்கிளையே நிறுத்திவிடுவாள். சைக்கிள் நின்றால் பள்ளிக்கூடமும் நின்றது.

அப்படி ஒரு மழைநாளில் நான் விழுந்தது அந்த டீக்கடைக்குப் பக்கத்திலேயே. டிரெய்லர் கடந்த காற்றில் பை ஒருபுறமாகச் சரிந்தது. பட்டையின் நுனி பின்சக்கரக் கம்பிகளில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றுவிட, நான் ரோட்டிலேயே கிடந்தேன். பின்னால் வந்த கம்பெனி பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"வூட்ல சொல்லிகினு வந்தியாடா?"

அதைக் கேட்டுக்கொண்டேதான் அப்பா ஓடி வந்தார். பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். என் முழங்கையில் ரத்தம் வந்ததைக் கூடப் பிறகுதான் கவனித்தார். முதலில் சேற்றில் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் கம்பெனிச் சட்டையில் துடைத்தார். எது எந்தப் புத்தகம் என்று தெரியாமல் அட்டையின் நிறத்தைப் பார்த்து அடுக்கினார். டீக்கடை பெஞ்சில் அத்தனையையும் வைத்ததும் அவரே கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னிக்கி எதெது வோணும்?"

நான் எடுத்துக் காட்டினேன். அடுக்கு பாதிகூடக் குறையவில்லை.

"அப்ப மீதி?"

"சும்மாதான்பா."

"சும்மாவா இத்தினி நாளா தூக்கினு போன?"

"நீ தூக்கிப் பாப்பியே."

அப்பா சைக்கிள் பக்கம் குனிந்தார். கம்பிகளிலிருந்து பட்டையைப் பிரித்து எடுக்க நேரமாயிற்று. மீதிப் புத்தகங்களைச் சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, பனியனோடு வீட்டுக்கு நடந்தார். அம்மாவிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சைக்கிளை நிறுத்தச் சொல்லி யாரும் பேசவில்லை.

மறுநாள் வேண்டிய புத்தகங்களோடு மட்டும் போனேன். பழக்கத்தில் அப்பாவின் கை பையை நோக்கி வந்தது. பாதியில் நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டது.

"ஸ்கூலுக்குத்தான போற?"

"ஆமாப்பா."

வேறு எதையும் நான் காட்ட முடியாது; அவரும் பார்க்க முடியாது. பின்னால் கனமில்லாமல் சைக்கிள் நேராக ஓடியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். கையில் டீ கிளாஸோடு, குடிக்காமல், ரோட்டோரம் வரை வந்து நின்றிருந்தார். முன்னால் ரோடு பிரியும் இடத்தில் நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.